சத்தம் வராத கேமரா

உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்குக் கையெழுத்து அழகாக இருக்கிறது மேடம். இந்தக் காலத்தில் இப்படி எழுதுகிறவர்களைப் பார்க்க முடிவதில்லை. அவருக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். வேகமாகப் போனால் கை காட்டச் சொல்லுங்கள்.

பெயர் ஜெனிதா. அப்பா ஏசுராஜ், பட்டினப்பாக்கத்தில் படகு வைத்திருந்தார். அம்மா மீன் விற்று என்னைப் படிக்க வைத்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் வருத்தம் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், இல்லை. மந்தைவெளியில் அந்தப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தபோது என் பேச்சைக் கேட்டு ஸ்டாஃப் ரூமில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ‘இன்னா’ என்பேன், ‘கீது’ என்பேன். ஒரே வருஷத்தில் அந்தப் பேச்சைக் கழுவித் துடைத்து எடுத்தேன். இன்றைக்கு என்னைப் பார்த்துக் குப்பத்துப் பெண் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கயல் விஷயத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது.

கேமரா வந்தது போன ஜூனில். எங்கள் கரஸ்பாண்டன்ட் ராஜகோபாலன் சார் எங்கோ ஒரு பள்ளியில் பார்த்துவிட்டு வந்து வகுப்புக்கு ஒன்று மாட்டிவிட்டார். பெற்றோர் தங்கள் போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் போதும். ஆபீசில் உட்கார்ந்தபடியே பிள்ளை வகுப்பில் என்ன செய்கிறது என்று அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்ளலாம். படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. ஸ்டாஃப் ரூமில் ஒரே புலம்பல். ஒரு டீச்சர் மட்டும், நம் பிள்ளையை ஊரார் எல்லாம் போனில் பார்ப்பது சட்டப்படி சரியா சார் என்று கேட்டார். அட்மிஷன் படிவத்திலேயே பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார் சார். போட்டுத்தான் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், யூனிஃபார்ம் அளவுக்குக் கீழே. ஒருத்தரும் படித்துப் பார்த்துப் போட்டதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆப்பைக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதால் மொத்தமும் என் தலையில் விழுந்தது. எந்தப் பெற்றோரின் நம்பரைச் சேர்ப்பது, எதைத் தடுப்பது எல்லாம் நான்தான். டீச்சர்களுக்குப் பாஸ்வேர்டும் நான்தான் போட்டுக் கொடுத்தேன், அவரவர் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். மாற்றிக்கொள்ளச் சொன்னேன். யாரும் மாற்றவில்லை. காலையில் டீச்சர்களின் வருகையை ஆப்பில்தான் பதிய வேண்டும். பஸ் கிடைக்காதவர்கள் வழியிலிருந்தே போன் போடுவார்கள், “ஜெனி மிஸ், எனக்கும் சேத்துப் போட்டுருங்களேன்” என்று. நான் ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் அவர்கள் பெயரில் நுழைந்து போட்டுவிடுவேன். பாதிப் பள்ளிக்கு நான்தான் போடுவேன். ஒருத்தருக்கொருத்தர் உதவிதானே.

தமிழ்நிலாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் ஒன்றாம் வகுப்பில், பாதி வருஷத்தில், என்னிடம் வந்து சேர்ந்தாள். அம்மா அன்புச்செல்வி தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறார். கையில் மாவுக்கட்டோடுதான் அட்மிஷனுக்கு வந்தார். கட்டுக்குக் காரணம் புருஷன். பெயர் பிரபு, ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை, குடித்தால் கை நீளும். பிள்ளை அம்மாவிடம்தான் இருக்க வேண்டும், அப்பா பார்ப்பதென்றால் கோர்ட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், வீட்டுப் பக்கமோ பள்ளிப் பக்கமோ வரவே கூடாது என்று குடும்ப நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்புச்செல்வி அந்த ஆர்டரின் நகலை என் கையில் கொடுத்து, “அந்தாளு நம்பர எதுலயும் சேத்துடாதீங்க மிஸ். பாப்பா எங்க படிக்குதுன்னே அதுக்குத் தெரியக் கூடாது” என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். பிற்பாடு கேமரா வந்தபோது பிரபுவின் பெயருக்கு நானே தடை போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை பள்ளியில் யாரோடும் பேசாது மேடம். என்னிடம் மட்டும் பேசியது. இன்டர்வெல்லில் என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும். காதுக்குப் பக்கத்தில் வந்து, “மிஸ், ஒண்ணுக்கு” என்று கிசுகிசுக்கும். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒட்டிக்கொண்டதில்லை. பிள்ளையை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லலாமே என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். நான் அதை அன்புச்செல்வியிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் பேசுகிறாளே, டாக்டர் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. பி பிரிவை எனக்குக் கொடுத்தார்கள், ஏ பிரிவைக் கயலுக்கு. பிள்ளைகளைப் பிரித்தது அந்த ஆப்தான். ‘சமமாகப் பிரி’ என்ற பொத்தானை அழுத்தியவள் நான். நிலா ஏ-வில் போய் விழுந்தாள். கையால் பிரித்திருந்தால் இந்த வாக்குமூலமே வேண்டியிருக்காது.

கயல் சின்னப் பெண். வடபழனியிலிருந்து வருகிறாள், அப்பா சினிமாவில் லைட்மேன். வகுப்புக்குள் நுழையும்போதே, “இன்னா நைனா, மூஞ்சி உம்முனு கீது, சாப்டலையா?” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு பெற்றோராவது புகார் செய்வார் என்று காத்திருந்தேன். நம்ம வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை அவள் அள்ளிப் பூசிக்கொண்டு வந்து பேர் வாங்குகிறாள். வயிறு எரிந்தது மேடம். மறைக்க என்ன இருக்கிறது.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேமராவைப் பார்த்துவிட்டு எழுதுவார்கள். கயலுக்கு இதயம், பூச்செண்டு. எனக்கு, ‘பி பிரிவு மிஸ் ஏன் எப்போதும் உட்கார்ந்தே இருக்கிறார்?’ என் முழங்கால் வலி கேமராவில் தெரியாது. அன்றைக்கு முழுவதும் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன், சாயங்காலம் மாடிப்படி இறங்க முடியவில்லை.

எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து ஏ பிரிவைத் திறந்து பார்ப்பேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு, பொறுப்பு என்னுடையது. ஒரு நாள் நிலா வாயைத் திறந்து சிரிக்கிறாள். மேல்பல் விழுந்த ஓட்டை தெரிகிறது. அந்தப் பல் விழுந்ததே எனக்குத் தெரியாது. கயல் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாள் என்றும் தெரியவில்லை. இன்னொரு நாள் எழுந்து நின்று ஏதோ பாடுகிறாள், மற்ற பிள்ளைகள் கை தட்டுகின்றன. யாரிடமும் பேசாத பிள்ளை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நிலாவின் பிறந்தநாள் வந்தது. எங்கள் பள்ளியில் பிறந்தநாள் பிள்ளை கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, ஒரு தோழியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, வகுப்பு வகுப்பாகச் சாக்லேட் கொடுத்துக்கொண்டு வரும். முதல் சாக்லேட் யாருக்கு என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும். அது பிடித்த மிஸ்ஸுக்குத்தான் போகும், கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றுமில்லை. முந்தின வருஷம் எனக்குக் கொடுத்தாள். இந்த வருஷம் நான் எழுந்து வாசலுக்கே வந்து நின்றேன். என்னைத் தாண்டித்தான் கயலிடம் ஓடினாள். என் வகுப்புக்கு வந்தபோது டப்பாவை நீட்டி, “ஒண்ணு எடுத்துக்கோங்க மிஸ்” என்றாள். எல்லோருக்கும் நீட்டுகிற மாதிரியே. நான் எடுத்துக்கொண்டு ஹேப்பி பர்த்டே என்றேன்.

மறுநாள் கரஸ்பாண்டன்டைப் பார்த்து, நிலாவை பி பிரிவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கொழந்தை இப்பத்தான் நன்னா பேச ஆரம்பிச்சிருக்கா. அவளை எதுக்கு மாத்தணும்ங்கறேள்? ஏதாவது பிரச்சினைன்னா பாத்துக்கலாம்.” அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. ஏ பிரிவில் ஒரு பிரச்சினை வந்தால் பிள்ளை என்னிடம் வந்துவிடும். பெரிதாக எதுவும் வேண்டாம், சின்னதாக ஒன்று போதும்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பிரபு என்னிடம் வந்தார். நான் தேடிப் போகவில்லை. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன், ஒருத்தர் வந்து கும்பிட்டார். கோர்ட்டுக்குப் பிள்ளை ஸ்கூல் பையோடு வந்ததாம். பையில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்து வந்திருக்கிறார்.

“நீங்கதான ஜெனி மிஸ்ஸு? போன வருசம் பாப்பா கோர்ட்டுல வாயத் தொறந்தா உங்க பேருதான். இப்ப யாரோ கயலாமே. எதக் கேட்டாலும் கயல் மிஸ்ஸு, கயல் மிஸ்ஸுன்னுக்கினு கீது. என்னிய ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டேங்குது மிஸ்.”

குடித்திருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவருடைய வலியும் என் வலியும் ஒன்று என்று அப்போது எனக்குத் தோன்றியது. தூரத்திலிருந்து ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும் என்று கெஞ்சினார். அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஆர்டரை எடுத்து நிதானமாகப் படித்தேன் மேடம், மற்றவர்களைப் போல நான் படிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. நேரில் சந்திக்கக் கூடாது, பள்ளிப் பக்கம் வரக் கூடாது என்றுதான் இருந்தது. போனில் பார்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேமராவில் பார்க்கிறவர் பள்ளிக்கு வந்தவராக மாட்டார் அல்லவா? மறுநாள் காலை தடையை நீக்கி அவர் நம்பரைச் சேர்த்தேன். அந்தந்த வகுப்பு டீச்சரின் பெயரிலும் அதைச் செய்யலாம். கயலுக்கு வடபழனியில் பஸ் தாமதம், வருகை போடச் சொல்லியிருந்தாள், கம்ப்யூட்டரில் அவள் பெயர்தான் திறந்திருந்தது. மூடிவிட்டு என் பெயரில் திறக்கச் சோம்பலாக இருந்தது என்று போன தடவை சொன்னேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரி, சோம்பல் இல்லை.

என் திட்டம் எளிமையானது. கயல் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வதையும், வகுப்பை விட்டு வெளியே கூட்டிப் போவதையும் அவர் பார்ப்பார், பள்ளிக்கு ஒரு புகார் எழுதுவார், நிலா என்னிடம் வருவாள். ஆனால் அதில் ஓட்டை இருந்தது. “நா எப்டி மிஸ் கம்ப்ளெய்ன்ட் எழுதுவேன்? நா பாக்கறதே தெரியக் கூடாதே” என்றார் பிரபு. அவர் சொன்னது நியாயம். நான் அதை யோசிக்கவே இல்லை. அந்த நிமிஷமே மறுபடியும் தடை போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று கேட்டால், அவர் அடிக்கடி போன் செய்து நிலாவைப் பற்றிப் பேசுவார். இன்று ரெட்டை ஜடை, இன்று புது ரிப்பன், இன்று சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டாள் என்று. எனக்கும் அவளைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை.

எங்கள் பள்ளியின் பின்பக்கம் ஒரு வேப்பமரம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கயல் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துக் கதை சொல்வாள். ஏ பிரிவு ஜன்னல் வழியாக அந்த இடமும் கேமராவில் விழும். ஒரு நாள் பிரபு கேட்டார், “பின்னாடி கேட்டு எப்பவும் மூடியே கீதே மிஸ், தொறக்க மாட்டாங்களா?” தண்ணி லாரி வந்தால் திறப்பார்கள் என்றேன். லாரி என்றைக்கு வரும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை, மூன்று மணி வாக்கில் என்றேன். வாட்ச்மேன் கேட்டிலேயே நிற்பாரா என்று கேட்டார். அய்யாதுரை அந்த நேரம் தொட்டிக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றேன். கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்வதுதான் என் தொழில்.

கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அதிகம் போனால் கயலிடம் ஒரு சத்தம் போடுவார். வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை வெளியே வைத்திருந்ததற்குக் கயல் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அளவு பிரச்சினை எனக்குப் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். லாரியோடு சேர்ந்து உள்ளே வந்தார், பிள்ளையைத் தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கயல் செருப்பில்லாமல் பின்னாலேயே மெயின் ரோடு வரைக்கும் ஓடி, விழுந்து, தாடையைக் கிழித்துக்கொண்டாள். அன்புச்செல்வி கடை யூனிஃபார்ம் புடவையோடு ஓடி வந்தார். ஆபீஸ் ரூம் வாசலில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், நீங்கதான் மிஸ் அதுக்கு உசிரு, எப்டியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்க மிஸ்” என்றார். தண்ணீர் கொடுத்தேன். பிரபுவின் நம்பர் என் போனில் இருந்தது. அதை நான் அவரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை.

ஆப்பில் யார் பெயரில் தடை நீங்கியிருக்கிறது என்று கேட்டீர்கள். கயல் பெயரில் என்றேன். அப்படித்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை மேடம். அவளை இங்கே கூட்டி வந்து உட்கார வைத்தீர்கள். பிள்ளையைப் பணத்துக்காகக் காட்டிக் கொடுத்த டீச்சர் என்று ஊரெல்லாம் பேச்சு. வடபழனியில் அவள் வீட்டு வாசலில் மைக்கை நீட்டினார்கள், அவள் அப்பா வேலைக்குப் போகவில்லை. சார் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். ஏ பிரிவு பிள்ளைகளை பி பிரிவோடு சேர்த்து என் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நிலாவுக்கு முதல் பெஞ்சில் இடம் விட்டு வைத்திருந்தேன்.

ஆந்திராவில் கூடூரில், பிரபுவின் அக்கா வீட்டில் நீங்கள் அவளைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சர்ச்சில் போய் முழங்கால் போட்டேன். ஆனால் அந்த மனிதர் பிள்ளையிடம், உங்க அம்மா செத்துப்போச்சு என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நிலா அவரையே வெறித்துப் பார்க்கிறாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் பேசுவதில்லை என்று டாக்டர் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்து மயக்கம். பிள்ளை முதலில் வந்தபோதும் இப்படித்தானே இருந்தாள், பேச வைத்தது யார்? என்னிடம் கொஞ்ச நாள் விட்டால் பேசிவிடுவாள் என்று அன்புச்செல்வியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளே பிரபு உங்களிடம் என் பெயரைச் சொல்லிவிட்டார். அதில் எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பிள்ளையைத் தூக்கியபோது நான் எங்கே இருந்தேன் என்று. வகுப்பில் என்று சொன்னேன். இல்லை மேடம். என் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்திருந்தேன். அதன் ஜன்னல் பின்பக்கம்தான் திறக்கும், கேட் கைக்கெட்டும் தூரம். கயல் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்கு மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. அய்யாதுரை தொட்டிப் பக்கம் குனிந்திருந்தார். பிரபு உள்ளே வந்ததையும், நிலா அவரைப் பார்த்துப் பின்னால் நகர்ந்ததையும், அவர் அவள் இடுப்பில் கை போட்டதையும் நான் முழுவதுமாகப் பார்த்தேன். வாட்ச்மேனே என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அய்யாதுரை ஓடி வந்து கேட்டைச் சாத்தியிருப்பார். அந்தக் கேட்டைத் தவிர பைக் வெளியே போக வேறு வழி இல்லை.

நிலா கத்தினாள். லாரி மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. என் ஜன்னலைப் பார்த்துத்தான் கத்தினாள், என்னையும் பார்த்தாள். ஆனால் கயல் மிஸ், கயல் மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். ஒரு தடவை ஜெனி மிஸ் என்று கூப்பிட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் மேடம்.